புதன்கிழமை ராத்திரியும் கூத்துத்தான்

கொழும்பில் வேலைநாள் மாலையில் நாடகம் பார்க்க டிக்கெட் வேண்டும், மண்டபம் வேண்டும். ஹோர்ட்டன் சமவெளிக்கு அருகில் இருக்கும் டயகமவில், மலையகத்தின் மற்றத் தோட்டங்களைப் போலவே, மாசி பிறந்தால் லயத்து முற்றம் போதும். மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் ஊன்றிவிட்டால், மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்து தொடங்கிவிடும். புதன் என்றும் வியாழன் என்றும் அதற்குக் கிடையாது.

எனக்கு மிகப் பிடித்தது கூத்துக்கு முந்தைய அரைமணி நேரம். பனியில் தோல் தளர்ந்துபோன தப்பை நெருப்பில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டுவார்கள். ஒலி இறுகி, கணீரென்று எழும்பும் நேரத்தில் அடுத்த லயத்துக் கதவுகளும் திறந்துவிடும். பிள்ளைகள் போர்வையோடு வந்து முன்வரிசை பிடிப்பார்கள்.

ரதியாக ஆடுவது ஆண்தான். பகலில் கவ்வாத்து வெட்டிய கைகளில் வளையல் ஏறும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்ததும் அந்த ரதி அழுகிற அழுகை இருக்கிறதே, அதில் கதை மறந்துபோகும். சொந்த வீட்டுச் சாவை நினைத்துப் பெண்கள் முந்தானையால் கண் துடைப்பார்கள். எந்த மேடை நாடகத்திலும் இப்படியொரு அழுகையை நான் கேட்டதில்லை.

விடிந்தால் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம், கொழுந்துக் கூடை. ஆனாலும் அடுத்த ராத்திரி கூட்டம் குறையாது.

மாசியில் மலைநாட்டுப் பக்கம் வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். கம்பளி கொண்டு வாருங்கள்.