லியாவோ அரசின் வீழ்ச்சி: ஒரு மதிப்பீடு

நாடோடி மரபினர் போர்வன்மையால் நாடு கொள்வர். கொண்ட நாட்டின் நாகரிகத்தில் தோய்ந்து வன்மை இழப்பர். ஈற்றில் அந்நாகரிகத்துள்ளேயே கரைந்து மறைவர். சீனாவின் வடபாலை ஆண்ட அயலரசுகளைப் பற்றி வரலாற்று நூல்கள் நெடுங்காலம் கூறிவந்த முடிபு இதுவாகும். கித்தானியர் நிறுவிய லியாவோ அரசுக்கும் இம்முடிபே பொருத்தப்பட்டது. அவ்வரசின் எழுச்சி, ஆட்சிமுறை, பண்பாடு, வீழ்ச்சி என்பவற்றை நிரலே நோக்கின், இம்முடிபு எத்துணை வலுவற்றது என்பது புலனாகும்.

கித்தானியர், இன்றைய உள்மொங்கோலியாவின் கிழக்குப் பகுதியிலே கால்நடை மேய்த்து வாழ்ந்தவர். யெலூ குலத்தவனான அபாவோஜி 907 இல் அவர்தம் தலைவனாகி, 916 இல் பேரரசன் எனத் தன்னை அறிவித்தான். 918 இல் தலைநகர் அமைக்கும் பணி தொடங்கியது. 920 இல் கித்தானிய மொழிக்கெனத் தனி எழுத்து வகுக்கப்பட்டது. 926 இல் கிழக்கிலிருந்த பார்ஹே அரசை வென்ற அவன், அவ்வாண்டிலேயே இறந்தான். அவன் மைந்தன் தெகுவாங் காலத்தில், 938 இல், இன்றைய பெய்ஜிங் உள்ளிட்ட பதினாறு சீன மாவட்டங்கள் கித்தானியர் வசமாயின.

மேய்ச்சல் நில மக்களும் உழவர் குடிகளும் ஒரே முடியின்கீழ் வந்தமையால், ஒரு சட்டத்தால் இருசாராரையும் ஆளுதல் அரிதாயிற்று. எனவே ஆட்சி இரண்டாக வகுக்கப்பட்டது. வடபுல ஆட்சி கித்தானியரையும் பிற மேய்ச்சற் குடிகளையும் அவர்தம் வழக்கப்படி ஆண்டது. தென்புல ஆட்சி சீனக் குடிகளைச் சீன முறைப்படி ஆண்டது. காலப்போக்கில் ஐந்து தலைநகரங்கள் அமைந்தபோதும், பேரரசன் அவற்றுள் எதிலும் நிலையாக உறைந்தானல்லன். பருவந்தோறும் பாசறை மாற்றி, வேட்டையாடி, ஆங்கேயே அரசியற் கருமங்களையும் ஆற்றினான். இது சீனத்தைப் பார்த்தெழுதிய ஆட்சியன்று. தேவை கண்டு வகுத்த ஆட்சியாகும்.

1005 இல் சொங் அரசோடு செய்த உடன்படிக்கையும் இவ்வகையில் நோக்கற்பாலது. அதன்படி ஆண்டுதோறும் இரண்டு இலட்சம் பட்டுச் சுருள்களும், லியாங் என்னும் நிறையில் ஒரு இலட்சம் வெள்ளியும் சொங் அரசு அளித்தது. 1042 இல் இவை ஒவ்வொன்றும் மேலும் ஒரு இலட்சத்தால் உயர்த்தப்பட்டன. இரு பேரரசுகளும் ஒன்றையொன்று ஒத்த நிலையில் ஏற்று, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்போரின்றி வாழ்ந்தன.

பண்பாட்டுத் துறையிலும் இதே தன்மை காணப்படுகின்றது. ஷான்சி மாகாணத்தில் 1056 இல் எழுந்த, ஏறத்தாழ 67 மீற்றர் உயரமுள்ள மரத்தாலான பௌத்தக் கோபுரம் இன்றும் நிலைபெறுகின்றது. அதனுள்ளிருந்த புத்தர் சிலையிலிருந்து லியாவோ காலத்து அச்சுப் பிரதிகள் 1974 இல் வெளிப்பட்டன. 1018 இல் இறந்த சென் இளவரசியின் கல்லறை 1986 இல் அகழப்பட்டது. அவள் வரலாறு கூறும் கல்வெட்டு சீனமொழியில் உள்ளது. ஆனால் உடலைப் பொதிந்த வெள்ளிக் கம்பி வலையும் முகத்தை மூடிய பொன் முகமூடியும் கித்தானிய மரபுக்குரியன. கொண்டதும் காத்ததும் ஒரே கல்லறையுள் அருகருகே கிடக்கின்றன.

அங்ஙனமாயின் வீழ்ச்சி யாதினால் விளைந்தது? முதலாவது, அரண்மனைப் பகை. அமைச்சன் யெலூ யீசினின் சூழ்ச்சியால் 1075 இல் பேரரசியும் 1077 இல் பட்டத்து இளவரசனும் உயிரிழந்தனர். இரண்டாவது, ஆளப்பட்டோரை இழிவுபடுத்திய செருக்கு. வேட்டைக்குரிய வல்லூறுகளைத் திறையாகக் கேட்டு, ஜூர்ச்சென் குடிகளை அதிகாரிகள் வருத்தினர். 1112 இல் நடந்த விருந்தொன்றிற் பேரரசன் தியன்சுவோ, அக்குடித் தலைவர்களைத் தன்முன் ஆடும்படி பணித்தான். அகுதா என்பான் ஆட மறுத்தான். 1115 இல் அவனே ஜின் அரசை நிறுவினான். சொங் அரசும் அவனோடு கூட்டுச் சேர்ந்தது. 1125 இல் தியன்சுவோ சிறைப்பட, லியாவோ அழிந்தது.

சீனக் கல்வியே வன்மையைக் கெடுத்தது என்பார்க்கு யெலூ தாஷியின் வாழ்வு தக்க மறுமொழியாகும். 1115 இற் சீன முறைத் தேர்விலே தேறிய இவனே மேற்றிசை சென்று புதிய அரசொன்றை நிறுவினான். 1141 இற் கத்வான் போரிற் செல்ஜூக் சுல்தான் சன்ஜாரை முறியடித்தான். இவன் வழியினர் 1211 வரை மத்திய ஆசியாவில் ஆண்டனர்.

விற்போகலும் ஃபெங் ஜியாஷெங்கும் 1949 இல் வெளியிட்ட பெருநூல், கரைந்து மறைந்தனர் என்னும் கொள்கையை வன்மையாக மறுத்தது. இரு பண்பாடுகளின் கலப்பில் மூன்றாவதொன்று தோன்றியது என அது காட்டியது. அந்நூலின் சிறப்பு பெரிது. எனினும் அதற்கும் முதன்மை ஆதாரம் சீனமொழியிலுள்ள 'லியாவோ வரலாறு' என்னும் தொகுப்பேயாம். அரசு அழிந்து இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், 1344 இல், மொங்கோலியரின் ஆணைப்படி ஏறத்தாழ ஓராண்டினுள் முடிக்கப்பட்ட தொகுப்பு அது. கித்தானிய மொழியில் எழுந்த நூல்களோ பெரும்பாலும் அழிந்தன; எஞ்சிய கல்வெட்டுக்களும் இன்னும் முற்றாக வாசிக்கப்படவில்லை.

ஓரினத்தின் வரலாறு பிறர் மொழியில் மட்டுமே எஞ்சும்போது, அவ்வினம் பிறருட் கரைந்ததாகவே தோன்றும். அத்தோற்றத்தை உண்மையெனக் கொள்வது ஆராய்ச்சிக்கு அழகன்று. கரைந்து போயினர் எனப்பட்ட இம்மக்களின் பெயராலேயே உருசிய மொழி இன்றும் சீனாவைக் 'கித்தாய்' என வழங்குகின்றது.