கைக்காப்பும் கையும்

ஜப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே உட்காரும் உலோகத் தகடு ட்சுபா. கை நழுவி அலகில் ஏறாமல் தடுப்பதும், எதிரியின் வெட்டிலிருந்து விரல்களைக் காப்பதும் அதன் வேலை. அந்த உள்ளங்கை அகலத்துக்குள் கொக்கு, அலை, பிறைநிலா. செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து கருநீலம் ஏற்றிய ஷகுடோ; செம்பும் வெள்ளியும் சேர்ந்து சாம்பல் பூத்த ஷிபுயிச்சி. அழகுதான், மறுக்கவில்லை. அலங்காரம் என்றாலே ஆளும் வர்க்கச் சமாச்சாரம் என்று ஒரே வரியில் தீர்த்துவிடும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தட்டினவனின் கையறிவு வாளேந்தினவன் சொத்தாகிவிடாது.

நம்மிடமும் உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலைக் கட்டாரிகளின் பிடிகளில் இரும்பைத் துளைத்துக் குடைந்த யாளிகள். சிலவற்றில் அலகு மட்டும் ஐரோப்பியச் சரக்கு. 1855இல் மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு கம்பெனி கைக்குப் போயிற்று. 1860களில் ஆயுதசாலையே கலைக்கப்பட்டது. பெரும்பகுதி உடைபட்டுப் பழைய இரும்பாயிற்று. தப்பியவை சென்னை அருங்காட்சியகத்துக்கும் சேகரிப்பாளர்களிடமும் போய், சில நியூயார்க் மெட்ரோபாலிட்டன் வரை சேர்ந்தன.

ஜப்பானில் பொதுவெளியில் வாள் தரிக்க 1876இல் தடை வந்தது. இங்கே 1878இல் ஆயுதச் சட்டம். அங்கே சொந்த அரசு சாமுராயின் இடுப்பிலிருந்து வாளை அவிழ்த்தது. இங்கே அந்நிய அரசு இந்தியனிடம் உரிமம் கேட்டு, ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. இரண்டையும் 'நவீனமாதல்' என்கிற ஒரே சொல்லில் அடைப்பது வரலாற்றை ஏய்ப்பது. ஆனால் இரண்டு இடத்திலும் ஆயுதம் 'கலைப்பொருள்' ஆயிற்று. வன்முறை கண்ணாடிக்கு வெளியே தங்கிவிட்டது. பல ட்சுபாக்களிலாவது தட்டினவர் பெயர் பொறித்திருக்கும். நான் படத்தில் பார்த்த தஞ்சைக் கட்டாரிகளில் கம்மாளர் பெயர் எதுவும் இல்லை.

இதை அச்சங்குளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். 2021 பிப்ரவரி 12இல் இங்கே பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். பட்டாசுப் பெட்டியைப் பாருங்கள்: லேபிளில் சாமி, மயில், பூ. கம்பெனி பேர் இருக்கும். மருந்து அடைச்சவ பேர் இருக்காது. ட்சுபா படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு மதினி கேட்டாள்: "கையக் காப்பாத்துறதுக்கே இம்புட்டு வேலைப்பாடா? எங்க கைக்கு ஒரு உறை கூட இல்லையேய்யா."

அருங்காட்சியகக் குறிப்பு காலத்தைச் சொல்லும், உலோகத்தைச் சொல்லும். யார் கையைக் காக்க யார் கை தேய்ந்தது என்று சொல்லாது. மதினி கேட்டுவிட்டாள். நம் விமர்சனம் இன்னும் கேட்கவில்லை.