அரங்கும் நிலமும்: யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் புனரமைப்புப் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

தமிழிலே திறனாய்வானது இலக்கியத்தின் எல்லையைக் கடந்து கூத்து, நாடகம், திரைப்படம் ஆகியவற்றையும் தன் பொருளாகக் கொள்ளத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில், முறையே பழந்தமிழ் வீரயுகப் பாடல்களையும் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தையும் ஆராய்ந்தனர். அவ்வாய்வுகள், ஒரு கலைவடிவத்தை அது தோன்றிய சமூக உறவுகளினூடே நோக்கவேண்டும் என்னும் முறையியலை நமக்கு வழங்கின. ஆயினும் இந்நோக்கின் ஒளி அதிகம் படாத ஒரு களம் இன்னும் உண்டு. கோயில் திருவிழாவுக்கு அடுத்தபடியாக நம் ஊர்களிலே மக்களை ஒருசேரக் கூட்டுகின்ற விளையாட்டே அக்களமாகும்.

விளையாட்டைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவது முற்போக்குச் சிந்தனை மரபுக்கு இயல்பானதன்று. அந்தோனியோ கிராம்சி 1918இலேயே உதைபந்தாட்டத்தையும் சீட்டாட்டத்தையும் ஒப்புநோக்கி, அவற்றினூடே இரு வேறு சமூக அமைப்புகளை இனங்காட்ட முயன்றார். திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட ‘எல்லைக்கோட்டுக்கு அப்பால்’ என்னும் பொருள்படும் நூல், மேற்கிந்தியக் கிறிக்கெற்றை வர்க்கம், நிறம், குடியேற்ற ஆட்சி ஆகியவற்றின் பின்னணியில் விளக்கியது. ஆட்டத்தை இவ்வாறு நோக்கலாம் என்றால், ஆட்டம் நிகழும் இடத்தையும் அவ்வாறே நோக்கலாம். கட்டடமும் ஒரு நூலைப் போல யாரோ ஒருவரால், யாரோ ஒருவருக்காக ஆக்கப்படுவது. எவற்றைச் சொல்கின்றது, எவற்றைச் சொல்லாது விடுகின்றது என்னும் வினாக்கள் அதற்கும் பொருந்தும்.

இவ்வடிப்படையில் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் புனரமைப்பை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நமது நோக்குநிலை யாழ்ப்பாண நகரமன்று. அங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், முல்லைத்தீவின் தென்பகுதியிலே, கடலுக்கும் நீரேரிக்கும் இடைப்பட்ட நாயாற்றுக் கரை. ஒரு தலைநகரின் அரங்கு உண்மையில் யாருக்குரியது என்பது அதன் வாயிலில் நின்று பார்ப்போரைவிட, அதற்கு மிகத் தொலைவில் உள்ளோருக்கே தெளிவாகப் புலப்படும்.

2

துரையப்பா விளையாட்டரங்கு யாழ்ப்பாணக் கோட்டைக்கு அண்மையில், முற்றவெளிச் சூழலில் அமைந்துள்ளது. முற்றவெளி தற்செயலாக எஞ்சிய வெறுநிலமன்று. பகைவர் மறைந்து நெருங்காவண்ணமும் பீரங்கிச் சூட்டுக்குத் தடையில்லாவண்ணமும் கோட்டையைச் சூழ வெளியை விட்டுவைத்தல் ஐரோப்பியக் கோட்டை அமைப்பின் நியதி. அந்நியப் படையின் சூட்டுவெளியாக இருந்த நிலத்தை மக்கள் கூட்டங்களுக்கும் ஆட்டங்களுக்கும் மாலைநேரக் காற்றுக்கும் உரியதாக்கினார்கள். இம்மாற்றம் எவராலும் திறந்துவைக்கப்பட்டதன்று. பயன்பாட்டினால் ஈட்டப்பட்ட உரிமையாகும்.

இந்த வெளியைச் சுற்றியே யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாறும் குவிந்து கிடக்கின்றது. 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளிலே பொதுமக்கள் உயிரிழந்தது வீரசிங்கம் மண்டபத்தின் முன்றலில். 1981 ஜூன் முதலாம் திகதியை அண்டிய இரவில் எரிக்கப்பட்ட பொதுநூலகமும் அருகிலேயே உள்ளது. அரங்கு எவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றதோ அந்த மேயர் அல்பிரட் துரையப்பா, 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாயிலிலே சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பற்றிய அரசியல் மதிப்பீடு எதுவாயினும், அப்பெயரை உச்சரிக்கும்போதே ஒரு காலகட்டத்தின் தொடக்கத்தை நாம் உச்சரிக்கின்றோம்.

1999இல், அரங்கைத் திருத்துவதற்காக நிலம் தோண்டப்பட்டபோது, புற்றரையின் கீழிருந்து இருபதுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை இந்தியப் படை நிலைகொண்டிருந்த 1987–1990 காலத்தைச் சேர்ந்தவை என அந்நாளில் பரவலாகக் கருதப்பட்டது. பந்து உருண்ட மண்ணின் கீழே மனிதர் கிடந்தனர் என்னும் இச்செய்தி உருவகமன்று, பௌதிக உண்மை. இவ்வரங்கை வாசிக்க முற்படுவோர் எவரும் இதனை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது.

3

இந்திய அரசின் ஏறத்தாழ ஏழு கோடி இந்திய ரூபா நிதியுதவியுடன் புனரமைக்கப்பட்ட அரங்கு, 2016 ஜூன் 18ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்திலும், பிரதமர் நரேந்திர மோடி காணொளித் தொடர்பினூடாகப் புதுடில்லியிலும் இருந்து இதில் பங்கேற்றனர். அரங்கு 1,850 பேர் அமரக்கூடியது என அறிவிக்கப்பட்டது. அனைத்துலக யோகா தினத்தை ஒட்டி எண்ணாயிரம் வரையிலான மாணவர் முதலானோர் புற்றரையில் யோகப்பயிற்சி செய்து காட்டினர்.

இவ்விழாவின் வடிவமைப்பு மனங்கொள்ளத்தக்கது. உதைபந்தாட்ட அரங்கு ஒன்றின் திறப்பிலே மையக்காட்சியாக அமைந்தது பந்தாட்டமன்று. ஆட்டத்திலே முடிவு முன்னரே தீர்மானிக்கப்படுவதில்லை. பார்ப்போர் கூச்சலிடுவர், நடுவரை எதிர்ப்பர், ஒரு பக்கத்தைச் சார்வர். எண்ணாயிரம் உடல்கள் ஒரே கட்டளைக்கு ஒருங்கே அசையும் காட்சியிலோ பார்ப்போர்க்கும் பங்கேற்போர்க்கும் மறுப்புரைக்க வழியில்லை. யோகப்பயிற்சி தன்னளவில் நன்மை தருவதாயிருக்கலாம். நாம் குறிப்பது அதனை அரசு பயன்படுத்திய முறையினையே. திரையின் இரு முனைகளிலும் ஆட்சியாளர், இடையிலே ஒழுங்குபடுத்தப்பட்ட மக்கள் என்னும் இவ்வமைப்பு, புனரமைப்பின் உட்பொருளைத் தன்னையறியாமலே வெளிப்படுத்தி நின்றது. மக்கள் தம் வெளியில் தாமே விருந்தினராயினர்.

புனரமைப்பையே நாம் நிராகரிக்கின்றோம் என்பதன்று இதன் பொருள். போரினால் சிதைந்த நகருக்குச் செம்மையான ஆடுகளம் தேவை. அங்கு பின்னர் ஆடிய இளைஞரின் மகிழ்ச்சி போலியானதுமன்று. எனினும், கொடை ஒன்றைப் பெறும்போது அக்கொடை எதனை மூடுகின்றது எனக் கேட்பதும் நம் கடன். 1999இல் வெளிப்பட்ட எச்சங்கள் எவருடையவை என்னும் வினாவும், அக்காலத்தில் இம்மண்ணில் நிலைகொண்டிருந்த படையின் அரசு அதே மண்ணில் அமைத்த இருக்கைகளும் அருகருகே நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான மௌனமே புனரமைப்பின் மிகப் பெரிய கட்டுமானம் எனலாம்.

4

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. நம் அரங்கு மாபெரும் போட்டி ஒன்றுக்காகப் புனரமைக்கப்பட்டதன்று. அரசுகளுக்கு இடையிலான நட்புறவின் காட்சிப்பொருளாகப் புனரமைக்கப்பட்டது. எனினும் உலகின் பெருநகரங்களிலே போட்டிகளின் பெயரால் நடந்தேறுபவற்றை நோக்கினால், இரண்டிலும் செயற்படும் விதி ஒன்றே என்பது புலனாகும்.

பிறேசிலின் றியோ டி ஜனெய்ரோவிலுள்ள மரக்கானா அரங்கு 1950 உலகக்கிண்ணத்துக்காக எழுப்பப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 16ஆம் திகதி உருகுவேயிடம் பிறேசில் தோற்ற ஆட்டத்தை, ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் அங்கே பார்த்தனர். ஆடுகளத்தை ஒட்டி, மிகக் குறைந்த கட்டணத்தில் நின்று பார்ப்பதற்கான ‘ஜெரால்’ என்னும் பகுதி உழைக்கும் மக்களின் இடமாக விளங்கியது. அது 2005இல் மூடப்பட்டது. 2014 உலகக்கிண்ணத்துக்காக நூறு கோடி றியாலுக்கு மேற்பட்ட பொதுப்பணம் செலவிடப்பட்டபின், அரங்கின் கொள்ளளவு எண்பதினாயிரத்துக்கும் கீழே இறங்கியது. நிர்வாகம் தனியார் கூட்டமைப்பின் கைக்கு மாறியது. அருகிலிருந்த பழைய பூர்வகுடி அருங்காட்சியகக் கட்டடத்தில் வாழ்ந்த பூர்வகுடியினர் 2013 மார்ச்சில் பொலிஸாரால் வெளியேற்றப்பட்டனர். மக்களின் பணம் அரங்கினுள்ளே சென்றது. அம்மக்களிற் பெரும்பாலோர் வெளியே வந்தனர்.

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையுடன் எதிர்கொள்ளவேண்டும். நின்று பார்க்கும் நெரிசல் கொல்லக்கூடியது. 1980 ஆகஸ்ட் 16ஆம் திகதி கல்கத்தா ஈடன் தோட்டத்திலே உதைபந்தாட்ட இரசிகர் பதினாறு பேர் மாண்டனர். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கின் நெரிசல் 97 உயிர்களைக் காவுகொண்டது. எனவே இருக்கைகள் அமைத்தலை வெறும் நடுத்தர வர்க்கச் சொகுசு எனக் கண்டிப்பது பொறுப்பற்ற செயலாகும். ஆனால் ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி ரெயிலரின் 1990ஆம் ஆண்டு அறிக்கை, இருக்கை அமைப்பதனால் கட்டணம் எளியோருக்கு எட்டாதவாறு உயரவேண்டியதில்லை என்றே கருதியது. கட்டணம் உயர்ந்தது பாதுகாப்பினால் அன்று. பாதுகாப்பைச் சாட்டாகக் கொண்ட இலாபவேட்கையினால். 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்துக்காகக் கொல்கத்தாவின் சோல்ற் லேக் அரங்கிலே இருக்கைகள் பொருத்தப்பட்டபோதும் கொள்ளளவு பெரிதும் குறைந்தது. அங்கும் எழவேண்டிய வினா, இருக்கை வேண்டுமா என்பதன்று. எஞ்சிய இருக்கைகள் யாருக்கு என்பதே.

2022இல் கட்டாரில் நடந்த உலகக்கிண்ணம் இவ்விதியின் மறுபக்கத்தைக் காட்டிற்று. எட்டு அரங்குகளில் ஏழு புதிதாகக் கட்டப்பட்டன; 1976இல் திறக்கப்பட்ட கலீபா அரங்கு புதுப்பிக்கப்பட்டது. அவற்றை எழுப்பிய உழைப்பில் பெரும்பகுதி தெற்காசியாவினுடையது. இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளைச் சேர்ந்த 6,500க்கு மேற்பட்ட தொழிலாளர், போட்டி வழங்கப்பட்ட 2010இன் பின்னான பத்தாண்டில் கட்டாரிலே இறந்ததாகக் ‘கார்டியன்’ பத்திரிகை 2021இல் அறிவித்தது. இத்தொகை எல்லாத் தொழில்களையும் எல்லாக் காரணங்களையும் உள்ளடக்கியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆயினும், தம் ஊரில் ஒரு கோல்கம்பம் நட வசதியற்ற நாடுகளின் இளைஞர் பிறருக்கு அரங்கு கட்டக் கடல் கடந்தனர் என்னும் முரண்பாட்டை எந்தக் கணக்குத் திருத்தமும் மாற்றிவிடாது.

5

இனி நாயாற்றுக்கு வருவோம். வடபுலத்திலே உதைபந்தாட்டம் பெரிதும் கரையோர உழைக்கும் மக்களின் ஆட்டமாகவே வேரூன்றியது. நாவாந்துறை சென். நீக்கிலஸ், பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன் என்னும் கழகப் பெயர்களே இதற்குச் சான்று. இவை யாவும் கடற்றொழிலாளர் குடியிருப்புகளில் எழுந்தவை. பெருங்கல்லூரிகளின் கிறிக்கெற் சமர்கள் கல்வியையும் உத்தியோகத்தையும் சார்ந்த வர்க்கத்தின் ஆண்டுவிழாவாக வளர, உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் மணற்றரையும் போதுமாயிருந்தன. கரைவலை இழுக்கும்போது காலை மணலில் ஊன்றிப் பலர் ஒன்றாய் இழுக்கும் அவ்வுடலுழைப்பின் கூட்டுணர்வே மாலையில் ஆட்டமாக உருமாறிற்று எனக் கொள்வதில் தவறில்லை. வலை இழுக்கும் ‘பாடு’ எவருக்கு உரியது என்பதை ஊர் அறியும். ஆடும் மணல் எவருக்கும் உரியது.

நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் 1984 இறுதியில் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2009இன் பின்னரே மீள்குடியேற்றம் நிகழ்ந்தது. ஏறத்தாழக் கால்நூற்றாண்டு ஆட்டமின்றிக் கிடந்த மண் அது. மீண்டவர்கள் கண்டது பழைய கரையையன்று: அத்துமீறல் பற்றிய அச்சமும், வெளிமாவட்டங்களிலிருந்து வரும் பருவகாலத் தொழிலாளரோடு கடல்வளம் பற்றிய பிணக்கும் அங்கு நிலவின. 2018 ஆகஸ்டில் நாயாற்றிலே தமிழ் மீனவரின் படகுகளும் வலைகளும் தீக்கிரையாயின. தென்னிலங்கையிலிருந்து வந்து வாடியமைக்கும் தொழிலாளியும் பலவேளைகளில் முதலாளியின் கடனுக்குக் கட்டுண்டவனே என்பதை மார்க்சியர் மறத்தலாகாது. அரசின் பாரபட்சமும் மூலதனத்தின் பேராசையும் இரு உழைப்பாளர் கூட்டங்களை ஒரே மணலில் எதிரெதிரே நிறுத்தியுள்ளன.

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயிலே குடிநீர்க் குழாய் பதிக்க நிலம் தோண்டப்பட்டபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 ஜூலை வரை நீடித்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. 1999இல் விளையாட்டரங்கு, 2023இல் நீர்க்குழாய்: இரண்டிலும் அபிவிருத்தியின் மண்வெட்டியே மறைக்கப்பட்ட வரலாற்றின் மீது மோதியது. நம் நாட்டிலே எந்தப் புனரமைப்பும் வெற்றுநிலத்தில் தொடங்குவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. நாயாற்றிலிருந்து நோக்குகையில் துரையப்பா அரங்கு தொலைவிலுள்ள நகரத்துக் கட்டடமாக அல்லாது, ஒரே நிலத்தின் மற்றொரு முனையாகவே தோன்றுகின்றது.

6

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இதுவாகும். ஓர் அரங்கின் தரத்தை அதன் இருக்கைகளின் எண்ணிக்கை கொண்டோ, திறந்துவைத்தோரின் பதவி கொண்டோ அளவிட முடியாது. அது மக்களைப் பார்வையாளராக மட்டும் ஆக்குகின்றதா, அன்றி ஆடுவோராகவும் தீர்மானிப்போராகவும் ஆக்குகின்றதா என்பதே அளவுகோல். அத்துடன், தான் நிற்கும் நிலத்தின் வரலாற்றை அது நினைவுகூர்கின்றதா, மூடுகின்றதா என்பதும் நோக்கப்படவேண்டும்.

இவ்வளவுகோலிலிருந்து சில நடைமுறைக் கோரிக்கைகளும் எழுகின்றன. நகர அரங்கின் பயன்பாட்டையும் கட்டணத்தையும் தீர்மானிப்பதில் கரையோரக் கழகங்களுக்கும், இன்று பந்தோடு களமிறங்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். மாகாணத்தின் விளையாட்டு நிதியில் ஒரு பங்கேனும், நாயாறு போன்ற ஊர்களிலே ஆடுநிலத்தைப் பொதுநிலமாக எல்லையிட்டுப் பாதுகாக்கச் செலவிடப்படவேண்டும். துரையப்பா அரங்கின் சுவரொன்றில், 1999இல் அம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டோரின் நினைவு பொறிக்கப்படவேண்டும். திறந்துவைத்தவரின் பெயருக்குக் கல்வெட்டு இருக்கும் நாட்டிலே, கீழே கிடந்தவர்க்கு ஒரு வரி கேட்பது மிகையன்று.

அவ்வரி பொறிக்கப்படும்வரை, அந்தப் புற்றரையில் ஒலிக்கும் ஒவ்வொரு விசிலும் முடிவடையாத ஓர் ஆட்டத்தின் இடைவேளையையே அறிவிக்கும்.