வலி நிவாரணமும் வலி வியாபாரமும்

வலியைத் தணிப்பது வைத்தியம். வலியை மூலதனமாக்குவது வியாபாரம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு எவ்வாறு அழிக்கப்பட்டது என்பதை, பற்றிக் ராடன் கீஃப் 2021இல் வெளியிட்ட ‘எம்பயர் ஒஃப் பெயின்’ என்னும் ஆங்கில நூல் விரித்துரைக்கிறது. அமெரிக்காவின் சாக்லர் குடும்பத்தினது மூன்று தலைமுறை வரலாறு இது.

1996இல் அக்குடும்பத்தின் பேர்டூ கம்பனி, அபின் இனத்தைச் சேர்ந்த ஒக்சிகொன்டின் குளிகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மருந்துக்கு அடிமையாகும் ஆபத்து மிகக் குறைவென்று அதன் விற்பனையாளர் வைத்தியர்களிடம் ஓதினர். அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று, 1980இல் ஒரு வைத்திய சஞ்சிகையில் வெளிவந்த ஐந்தே வாக்கியக் கடிதம்! ஆஸ்பத்திரியில் தங்கி மருந்துண்டவர்களைப் பற்றிய அக்குறிப்பை, மாதக்கணக்கில் வீட்டிலிருந்து விழுங்குவோருக்கும் பொருத்தினர். 2007இலும் 2020இலும் கம்பனி நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆயினும் சாக்லர் குடும்பத்தவர் எவரும் சிறை செல்லவில்லை.

சான்றுகளைத் தேடித் தொகுத்த நூலாசிரியரின் உழைப்புப் பாராட்டுக்குரியது. எனினும், பேராசை கொண்ட ஒரு குடும்பத்தின் கதையாகவே இதனை அவர் நடத்திச் செல்வதால், நோயாளியை வாடிக்கையாளனாக்கிய சமுதாய அமைப்புப் பின்னணியிலேயே நின்றுவிடுகிறது.

தெல்தெனியப் பகுதியிலிருந்து இந்நூலைப் படிப்பவனுக்கு இன்னொரு குறையும் புலப்படும். 2017இல் லான்செற் ஆணைக்குழு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஆண்டொன்றுக்கு விநியோகிக்கப்பட்ட இவ்வின மருந்துகள், மோர்பின் அளவில், 298.5 மெற்றிக் தொன். மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்ததோ 0.1 தொன். ஒருபுறம் வெள்ளம், மறுபுறம் வறட்சி! ரங்கலை, ஹுன்னஸ்கிரிய மலைகளில் கொழுந்துக்கூடை சுமந்து தேய்ந்த தாய்க்குப் புற்றுநோய் கண்டால், அவள் வேதனைக்கு இந்நூலில் இடமில்லை.

மோர்பின் ஆபத்தற்றதன்று. மலச்சிக்கல், வாந்தி, தூக்கமயக்கம் உண்டாகும். அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கும். மதுவோடும் நித்திரைக் குளிகையோடும் சேர்ந்தால் அவ்வாபத்துப் பெருகும். நீண்டநாள் உண்டவர் திடீரென நிறுத்தினாலும் உடல் துன்புறும். ஆனால், இவை மருந்தை மறுப்பதற்கான காரணங்களல்ல. நோயாளிக்கு அவள் மொழியில் விளக்கவேண்டிய உண்மைகள். பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிட்ட எச்சரிக்கை, தமிழன்றி வேறு அறியாத தொழிலாளிக்கு எச்சரிக்கையாகாது.

பொய் சொல்லி விற்றவர்களைக் கீஃப் கூண்டிலேற்றினார். அச்சத்தைக் காரணங்காட்டி வறியோரை வலியோடு சாகவிடும் அமைப்பைக் கூண்டிலேற்றுவது நம் எழுத்தாளரின் கடமை.