ஆட்டம் நின்ற பொழுது: ரசிகன், பார்வை, காலம்

2020 ஏப்ரலில் ஒரு மாலை. அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். அச்சகம் மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. கூலி பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "இந்நேரம் டாஸ் போட்டிருப்பாங்க இல்ல?" எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் கோபமும் வந்தது. நோயும் பட்டினியும் வாசலில் நிற்கும்போது இந்த மனுஷனுக்கு டாஸ் கேட்கிறதா என்கிற, நம்மைப் போன்றவர்களுக்கே உரிய கோபம். அந்தக் கோபத்தைத்தான் இக்கட்டுரை விசாரிக்க விரும்புகிறது.

விளையாட்டு மக்களை மயக்கும் போதை, அரசியலிலிருந்து கவனத்தைத் திருப்பும் தந்திரம் என்பது நமது வட்டாரங்களில் பரிசீலனைக்கு உட்படாத ஒரு வாய்பாடு. இதிலிருந்து இன்னொரு வாய்பாடு தானாகவே பிறக்கிறது: ஆட்டத்தை நிறுத்து, ரசிகன் விழித்துக்கொள்வான். 2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, கொல்கத்தா அணிகள் ஆடியபோது அண்ணாசாலையில் நடந்த போராட்டம் இந்த நம்பிக்கையின் மீது நின்றது. காவிரி மேலாண்மை வாரியம் அமையாதபோது ஐபிஎல் கொண்டாட்டம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. சென்னையில் நடக்கவேண்டியிருந்த மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகன் காவிரிக்கு வந்தானா? அணி நிர்வாகம் ஏற்பாடு செய்த தனி ரயிலில் ஏறி ஆயிரம் பேரளவில் புனேவுக்குப் போனான். ரயிலுக்குப் பெயர் 'விசில் போடு எக்ஸ்பிரஸ்'.

அதே ஆண்டு மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள்மீது காவல்துறை சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூடு மொத்தம் 13 பேரின் உயிரைக் குடித்தது. அன்று மாலைதான் மும்பை வான்கடேயில் சென்னையும் ஹைதராபாத்தும் மோதிய தகுதிச் சுற்று ஆட்டம். சென்னை 2 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதை நான் பார்த்தேன். பிணங்களின் எண்ணிக்கையையும் ஓட்டங்களின் எண்ணிக்கையையும் ஒரே தொலைக்காட்சியில், சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இதைச் சொல்லாமல் ரசிகனைப் பற்றி எழுதினால் அது வேறு யாரையோ பற்றிய எழுத்தாகிவிடும்.

2018இல் நிற்காத ஆட்டம் 2020இல் நின்றது. மார்ச் 29 அன்று தொடங்கவேண்டிய ஐபிஎல் முதலில் ஏப்ரல் 15 வரை தள்ளிப்போனது, பிறகு காலவரையின்றி. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் முதன்முறையாக விம்பிள்டன் ரத்தானது. போராட்டக்காரர்கள் கேட்டதை ஒரு கிருமி நிறைவேற்றிக் கொடுத்தது. மயக்க மருந்து கைக்கு எட்டாமல் போன அந்த மாதங்களில் மயங்கிக் கிடந்ததாக நாம் சொன்ன ரசிகன் என்ன செய்தான்?

இங்கே 'பொழுதுபோக்கு' என்ற சொல்லை உடைத்துப் பார்க்கலாம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மற்ற எல்லாம் அவற்றின்மேல்தான் நிகழ்கின்றன. அப்படிப்பட்ட பொழுதை எப்படியாவது 'போக்கி'விட வேண்டிய சுமையாக மாற்றியது நமது நவீன உழைப்பு முறை. எட்டு மணி நேரம் விற்றபின் மிஞ்சும் பொழுதும் நம்முடையது அல்ல. அடுத்த நாள் உழைப்புக்கு உடலைத் தயார்செய்யும் பொழுது அது. ஓய்வு நேரம் வேலை நேரத்தின் நிழல் என்று அடோர்னோ வாதிட்டது இந்தப் பொருளில்தான். ஆனால் முழு அடைப்பில் வேலையும் நின்றது, பொழுதுபோக்கும் நின்றது. உருவம் போனபின் நிழல் மட்டும் தனியாகக் கிடந்தது.

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். சிறுபொழுது மாலை. வருவேன் என்று சொல்லிப் போனவனுக்காக ஆற்றியிருப்பது. ஆற்றியிருத்தல் சும்மா இருத்தல் அல்ல. நினைப்பது, சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது, வானத்தைப் பார்த்து நாள் எண்ணுவது எல்லாம் அதில் அடக்கம். என் நண்பரின் டாஸ் கேள்வியை இப்படியும் படிக்கலாம். மாலை ஏழரை மணிக்கு அவர் உடம்பு ஒன்றை எதிர்பார்க்கப் பழகியிருந்தது. முல்லையின் மழை தலைவனைக் கொண்டுவரும், கிரிக்கெட்டின் மழை ஆட்டத்தைக் கெடுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் முக்கியமான வித்தியாசம் வேறு. முல்லைத் தலைவியின் காத்திருப்பை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ரசிகனின் காத்திருப்பு உடனடியாகச் சந்தைக்கு வந்தது.

முதலில் நினைவு விற்கப்பட்டது. விளையாட்டுச் சேனல்கள் பழைய ஆட்டங்களைத் திரும்ப ஓட்டின. 2011 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் கம்பீரின் 97 மறந்துபோய் தோனியின் சிக்ஸர் மட்டும் மிஞ்சிய கதை மறுபடியும் விவாதமாயிற்று. மறு ஒளிபரப்பின் அபாயம் அது எதைத் திரும்பக் காட்டுகிறது என்பதில் இல்லை, எதை விட்டுவிடுகிறது என்பதில் இருக்கிறது. சேப்பாக்கம் என்றால் நான் நினைத்துக்கொள்வது 1999 ஜனவரி 31. 271 இலக்கு, டெண்டுல்கர் 136, இந்தியா 258க்கு ஆல் அவுட். 12 ஓட்டத்தில் வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தோற்ற ஆட்டம் வெற்றிப் பட்டியலில் சேராது. ஆனால் ரசிகன் என்ற மனிதன் எவ்வளவு உயரம் போகமுடியும் என்பதற்கு அதுதான் ஆவணம்.

அடுத்து வந்தது பதிலி. ஐரோப்பாவில் பெலாரஸ் கால்பந்து லீக் மட்டும் நிற்காமல் நடந்தது. அதுவரை மின்ஸ்க் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் அதன் அணிகளுக்கு ஆதரவாளர்களானார்கள். ஏப்ரல் 4 அன்று இங்கிலாந்தில் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தைக் கணினியில் ஓட்டினார்கள். ரத்தமும் வியர்வையும் இல்லாத குதிரைகள்மீது மனிதர்கள் நிஜப் பணம் கட்டினார்கள். இன்னொரு பக்கம் கோலிக்குண்டுகள் உருளும் பந்தயங்களை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். எது ஓடினாலும் பக்கம் சாய்வது என்பதுதான் ரசிகத்தன்மையின் அடிப்படை வாக்கியம் போலிருக்கிறது.

மூன்றாவதாகப் பேச்சு. எக்காலத்துக்கும் சிறந்த பதினொருவர் யார் என்ற பட்டியல் போடாத வாட்ஸ்அப் குழு கிடையாது. பந்தே வீசப்படாதபோதும் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆட்டத்தின் பெரும்பகுதி மைதானத்தில் இல்லை, மொழியில் இருக்கிறது. 'ஸ்கோர் என்னாச்சு?' என்று முன்பின் தெரியாதவனிடம் கேட்கலாம். நமது தெருவில் சாதி கேட்காமல் தொடங்கக்கூடிய வாக்கியங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று. அந்த வாக்கியம் போனதைத்தான் நண்பர் இழப்பாக உணர்ந்தார் என்று இப்போது தோன்றுகிறது. டீக்கடையும் மூடியிருந்தது.

நான்காவது வழி, எழுந்து போய் விளையாடுவது. பார்வையாளன் ஆட்டக்காரனாவது. நாம் கோட்பாட்டளவில் கனவு கண்ட விடுதலை இது. நடந்தது என்ன? 2020 ஏப்ரலில் திருப்பூர் காவல்துறை வெளியிட்ட காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களை ட்ரோன் கேமரா துரத்துகிறது. அவர்கள் சிதறி ஓடுகிறார்கள், கேரம் போர்டையே கேடயமாகப் பிடித்து ஒளியப் பார்க்கிறார்கள். நாடே சிரித்தது. கேரளக் காவல்துறை இன்னும் ஒருபடி மேலே போய், ட்ரோனுக்குப் பயந்து ஓடும் ஆட்களின் காட்சிக்கு ரவி சாஸ்திரியின் கிரிக்கெட் வர்ணனையைப் பின்னணியாகச் சேர்த்து வெளியிட்டது. அதுவும் வைரலானது.

இந்தக் காணொளிகளைப் பிரதியாக எடுத்துப் படிக்கவேண்டும். மைதானத்தின் மேலே கம்பியில் தொங்கி ஆட்டக்காரர்களைத் தொடரும் கேமராவும், மரத்தடிப் பையன்களைத் தொடரும் கேமராவும் கோணத்தில் ஒன்றுதான். வர்ணனையும் அதே குரல்தான். மாறியது ஒன்று: பார்த்துக்கொண்டிருந்தவன் பார்க்கப்படுபவனானான். ஃபூக்கோ விவரித்த சிறைக் கோபுரத்தில் கண்காணிப்பவன் தனியாக இருந்தான். இங்கே கண்காணிப்புக்கு டிக்கெட் இல்லாத கேலரியே கிடைத்துவிட்டது. தொற்றுக் காலத்தில் கூட்டம் கூடாமல் தடுப்பது தேவைதான், அதில் தகராறு இல்லை. ஆனால் வேலையற்ற இளைஞர்கள் ஓடி ஒளிவதை ஆட்டமாக்கி, ஆட்டமற்ற நாட்டுக்கு அதைப் பொழுதுபோக்காகக் கொடுத்தது சுகாதார நடவடிக்கை அல்ல. சிரித்தவர்களில் நானும் உண்டு. ஓடியவன் யார், எந்த பனியன் கம்பெனி மூடியதால் அந்த மரத்தடிக்கு வந்தான் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

போக்குவதற்குப் பொழுதே இல்லாதவர்களும் இருந்தார்கள். தூய்மைப் பணியாளர்கள் வழக்கத்தைவிட அதிகம் உழைத்தார்கள். ஊருக்கு நடந்தவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். மே 8 அன்று மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள்மீது சரக்கு ரயில் ஏறியது. 'ஊரடங்கில் எப்படிப் பொழுதைக் கழித்தீர்கள்?' என்ற கேள்வியே ஒரு வர்க்கத்தின் கேள்விதான்.

இடைப்பட்ட வர்க்கத்தின் பொழுது வேறொரு இடத்தில் பறிபோனது. கையில் செல்போன், பையில் குறைந்துவரும் பணம், மாலையில் வெற்றிடம். ரம்மி செயலிகள் அங்கே வந்து உட்கார்ந்தன. தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகு 2020 நவம்பரில் தமிழக அரசு தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. இதற்கிடையில் 2020 ஐபிஎல்லின் பெயரையே 222 கோடி ரூபாய்க்கு வாங்கியது ட்ரீம் 11 என்ற கற்பனை அணிச் செயலி. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடைசெய்தது 2025 ஆகஸ்டில். ஐந்தாண்டு என்பது ஒரு குடும்பம் கடனில் மூழ்கப் போதுமான காலம். ஆட்டம் போதை என்றோம். ஆட்டம் நின்றபோது அதைவிட மோசமான வியாபாரி அந்த இடத்துக்கு வந்தான். நாம் அங்கே இருக்கவில்லை.

இருக்க முடியாதா என்றால், வேறிடத்தில் இருந்தார்கள். வட இத்தாலியின் பெர்கமோ நகரம் நோயில் சிதைந்தது. 2020 பிப்ரவரி 19 அன்று மிலானில் அதன் அட்லாண்டா அணி ஆடிய ஆட்டத்துக்குத் திரண்ட பெருங்கூட்டமும் தொற்றைப் பரப்பியது என்று பின்னால் பேசப்பட்டது. பிறகு அதே அணியின் தீவிர ரசிகர்கள், வன்முறைக் கும்பல் என்று பெயரெடுத்தவர்கள், பெர்கமோவின் தற்காலிக மருத்துவமனையைக் கட்டக் கையும் கருவியுமாக வந்து நின்றார்கள். லிவர்பூலில் எவர்டன், லிவர்பூல் ரசிகர்கள் பகையை மறந்து 2015இலேயே தொடங்கிய உணவு வங்கிப் பணி முடக்கக் காலத்திலும் தொடர்ந்தது. கேலரியில் தோளோடு தோள் நின்ற பழக்கம் வேறொன்றாகவும் உருமாறும் என்பதற்கு இவை சாட்சி. நம்மிடம் சினிமாவுக்கு மன்றங்கள் உண்டு, நிவாரணமும் செய்வார்கள், வாக்காகவும் மாறுவார்கள். கிரிக்கெட் ரசிகனுக்கோ மன்றம் இல்லை, கிளப் இல்லை, அணியில் ஒரு சொல்கூட இல்லை. டிக்கெட்டும் சட்டையும் மட்டும் உண்டு. அவனை நுகர்வோனாகவே வைத்திருப்பது முதலாளிக்கு வசதி. அவனை ஏமாளியாகவே வைத்திருப்பது நமக்கு வசதி. இரண்டு பேரும் அவனோடு பேசவில்லை.

2020 செப்டம்பர் 19 அன்று அபுதாபியில் ஐபிஎல் தொடங்கியது. மைதானம் காலி. ஆனால் தொலைக்காட்சியில் கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. முன்பு பதிவுசெய்த சத்தம். ஜெர்மனியில் மோன்ஷன்கிளாட்பாக் ரசிகர்கள் அதற்கும் முன்பே 19 யூரோ கொடுத்துத் தங்கள் அட்டை உருவங்களை இருக்கைகளில் நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தின் குரல் இல்லாமல் ஆட்டத்தை விற்க முடியவில்லை என்பதை முதலாளியே ஒப்புக்கொண்ட தருணம் அது. அதாவது ரசிகன் வெறுமனே பார்க்கவில்லை, இத்தனை நாளும் உற்பத்தி செய்துகொண்டிருந்தான். கூலி வாங்காமல், கூலி கொடுத்து. அவனது விசிலை எடுத்து அவனுக்கே திரும்ப விற்றார்கள்.

அன்றிரவு நண்பர் மறுபடி கூப்பிட்டார். அச்சகம் பாதி ஆட்களோடு திறந்திருந்தது, அவர் அந்தப் பாதியில் இல்லை. "சத்தம் கேக்குது, ஆளக் காணோம். நம்ம சத்தம்தானேடா அது?" என்றார். ஏப்ரலில் அவர்மீது வந்த கோபம் இப்போது எனக்கு வரவில்லை. அந்தக் கேள்வி அரசியல் கேள்வி. அதை அவரிடம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தே அவர் அங்கே வந்து சேர்ந்தார். அடுத்த முறை மைதானத்தை முற்றுகையிடப் போகும் தோழர்கள், வரிசையில் நிற்பவனைத் தடுக்கும் முன்பு, அவனிடம் ஸ்கோர் கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.