ஆனையிறவுச் செந்நீரும் சிறு ஆர்.என்.ஏ.க்களும்

கோடை வெயில் ஏற ஏற உப்பளப் பாத்திகளில் நீர் தடித்து, உப்பு படியும் கட்டத்தில் இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தில் பெரும்பங்கு உப்பை விரும்பும் ஆர்க்கியாக்களுடையது. பற்றீரியாவிலிருந்து வேறான உயிர்க்குலம் என்று 1977இல் கார்ல் வோஸ் பிரித்துக் காட்டிய நுண்ணுயிர்கள் இவை. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், உப்பு படியும் பாத்தியில் அது 25 சதவீதத்தைத் தாண்டும். ஐப்பசியில் மழை பிடித்தால் அதே பாத்தி சில நாட்களில் நீர்த்துவிடும். எந்த மரபணுவை எப்போது இயக்குவது, எதை அடக்குவது என்பதில் பிசகினால் அந்த உயிருக்குப் பிழைப்பில்லை.

இந்தக் கட்டுப்பாட்டில் சிறு ஆர்.என்.ஏ.க்களுக்கும் பங்குண்டு. பெரும்பாலும் சில நூறு நியூக்கிளியோட்டைட்டுக்குள் அடங்கும் இவை புரதமாக மாறுவதில்லை. மரபணுவின் செய்தியைப் புரதம் கட்டுமிடத்துக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ. ஒன்றோடு இணைசேர்ந்து அதைச் சிதையாமல் காக்கும், அல்லது புரதமாக்க விடாமல் மறிக்கும். புரதம் தயாரிக்கும் செலவும் நேரமும் இல்லாததால் விரைவாக வேலை நடக்கும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் ரூத் ஷ்மிட்ஸ் குழு செய்த ஆய்வு. மெதனோசார்சினா மசேயி என்ற மீதேன் உண்டாக்கும் ஆர்க்கியாவில், நைதரசன் தட்டுப்பாடாகும்போது மட்டும் 154ஆம் இலக்கச் சிறு ஆர்.என்.ஏ. பெருகுகிறது. காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் நொதியத்தின் தூது ஆர்.என்.ஏ.யை அது உறுதிப்படுத்துகிறது. அந்த மரபணுக்களைத் தூண்டும் புரதத்தின் தூதையும் அதுவே காக்கிறது. அதே நேரம் வேறொரு தூதில் றைபோசோம் வந்து அமரும் இடத்தை மூடி, அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கிறது. ஒரே மூலக்கூறு ஒரு பக்கம் காவல், மறுபக்கம் தடை. இலக்கு எது, எந்த இடத்தில் பிணைகிறது, விளைவு என்ன என்ற மூன்றுக்கும் இங்கே பதில் கிடைத்தது. இந்தத் துறையின் நல்ல வேலைக்கு இதையே அளவுகோலாக வைப்பேன்.

அந்த அளவுகோலை வைத்தால் துறையின் பெரும்பகுதி குறைபட்டே நிற்கிறது. உப்பு ஆர்க்கியாக்களில் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று சாக்கடலில் கிடைத்த ஹலோபெராக்ஸ் வொல்கானி. 2016இல் வெளிவந்த ஆய்வின்படி, அதில் தொடக்கம் கண்டறியப்பட்ட புரத மரபணுக்களுள் 72 சதவீதத்தின் தூது ஆர்.என்.ஏ.வுக்கு, புரதக் குறிப்பு தொடங்குமுன் வரும் முன்பகுதியே இல்லை. பற்றீரியாவில் சிறு ஆர்.என்.ஏ. வழக்கமாக வந்து மறிப்பது அந்த முன்பகுதியைத்தான். ஆகவே பற்றீரியாவில் கண்ட வழியை அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் இலக்கைக் கணிக்கும் மென்பொருள்கள் பல பற்றீரியாவை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. கூடவே, இணைசேர்க்கை முழுமையாக இருக்கவேண்டியதில்லை என்பதால் ஒரு சிறு ஆர்.என்.ஏ.வுக்கு ஏராளமான இலக்குகள் கணிப்பில் விழுகின்றன. அவற்றில் எது மெய் என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லவேண்டும்.

எண்ணுவது எளிதாகிவிட்டது, அதுதான் என் முக்கிய மனக்குறை. வரிசைப்படுத்தும் கருவி ஆயிரக்கணக்கான சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பட்டியலிடுகிறது. மரபணுவின் எதிர் இழையிலிருந்து தற்செயலாக எழுதப்பட்ட துணுக்கும் அந்தப் பட்டியலில் ‘கட்டுப்படுத்தி’ என்ற தகுதியோடு ஏறிவிடுகிறது. 2018இல் ஜோசலின் டிருஜியேரோவின் ஆய்வுக்குழு, ஒட்சியேற்ற அழுத்தத்தின்போது ஹலோபெராக்ஸில் நூற்றுக்கணக்கான சிறு ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறுவதைக் காட்டியது. பின்னர் அவற்றில் ஒன்றைத் தனியே எடுத்து, எந்த நொதியத்தின் தூதை அது குறைக்கிறது என்று தேடிச் சென்றதுதான் எனக்குப் பெரிய வேலையாகப் படுகிறது. நூற்றுக்கணக்கில் மாறின என்பதைவிட ஒன்று என்ன செய்கிறது என்பதுதான் கூடுதலாகச் சொல்கிறது.

இன்னொரு குறை சூழல் சார்ந்தது. ஆய்வுகூடக் குடுவையில் உப்பும் வெப்பமும் ஒரே நிலையில் இருக்கும், பாத்தியில் அப்படியில்லை. ஆராயும் உயிரும் வேறு. உலகின் பல உப்புப் பாத்திகளில் மேலோங்கி நிற்பதோ ஹலோகுவாட்ராட்டம் என்ற சதுர வடிவ உயிர். 1980இல் அதை விவரித்தார்கள். வளர்த்தெடுக்க 2004 வரை சென்றது. நாம் ஆராய்வது வளர்க்க எளிதான உயிரை.

உப்பளம் முன்பும் அறிவியலுக்குப் பெரிதாகக் கொடுத்திருக்கிறது. ஸ்பெயினின் அலிகான்ற்றே பக்கத்து உப்பளத்தில் கிடைத்த வேறொரு ஹலோபெராக்ஸ் இனத்தில் நுண்ணுயிரியலாளர் மொஜிக்கா 1993இல் கவனித்த மீள்வரிசைகளே பின்னாளில் கிரிஸ்பர் எனப்பட்டன. அவற்றிலிருந்து எழுதப்படும் சிறு ஆர்.என்.ஏ.க்கள், படையெடுக்கும் வைரஸை அடையாளம் காட்டுகின்றன.

1990இல் போரால் மூடப்பட்டு இன்று மீண்டும் இயங்கும் இலங்கையின் ஆனையிறவு உப்பளம், சூழலையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு சோதனைக்கு ஏற்ற இடம். ஒரு சிறு ஆர்.என்.ஏ. மரபணுவை நீக்கிய வகையையும் நீக்காத வகையையும் மூடிய கலத்தில், ஆனையிறவு உப்புநீரிலேயே ஒன்றாக வளர்க்கலாம். கோடைக்கேற்ப நீரைத் தடிக்கவிட்டு, மாரிக்கேற்ப நீர்க்கச் செய்து, எந்த வகை மிஞ்சுகிறது என்று மாதக்கணக்கில் பார்க்கலாம். யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் கோடி ரூபாய்க் கருவி இல்லாமலே தொடங்கக்கூடிய வேலை இது. நீக்கிய வகை ஒவ்வொரு மாரியிலும் தோற்றால், அந்தச் சிறு ஆர்.என்.ஏ.யைக் கட்டுப்படுத்தி என்று சொல்ல அப்போது நியாயம் இருக்கும்.