நோட்டுஸ்வர சாகித்தியங்கள்: மெட்டும் இராகமும்

முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டுஸ்வர சாகித்தியங்களை, மேலை மெட்டுகள் கருநாடக இசையாக மாறியமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. சென்னைக் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக் குழு வழியாக அறிமுகமான மெட்டுகளுக்கு அவர் வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். ஸ்காட்லாந்துப் பிடில் நடனமெட்டான 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்', 'ஜகதீச குருகுஹ' ஆயிற்று. மொழி மாறியது, தெய்வம் புகுந்தது, முத்திரையும் ஏறியது. சுரங்களோ பெரும்பாலும் அப்படியே நின்றன.

காஞ்சி ஏகாம்பரநாதர் மீது அவர் இயற்றிய இரு பாடல்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 'சிந்தய மாகந்த மூலகந்தம்' பைரவியில் அமைந்தது. கமகத்தை நீக்கினால் அங்குப் பைரவியே இல்லை. 'காஞ்சீசம் ஏகாம்ரநாயகம்' என்னும் நோட்டுஸ்வரத்திலோ ஒவ்வொரு சுரமும் அசைவின்றித் தனித்து நிற்கிறது. அசைத்துப் பாடினால் மெட்டு சிதையும். இத்தகைய பாடல்களைச் சங்கராபரணம் எனக் குறிப்பது சுரவரிசையை மட்டுமே கருதிய பெயரீடு. மேடையில் இவற்றுக்குக் கமகம் ஏற்றுவோர் அப்பெயரை நம்பியே ஏமாறுகின்றனர் போலும்.

ஆழ்ந்த மாற்றம் கருவியிலேயே நிகழ்ந்தது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் கற்ற பிடில், காலப்போக்கில் தோளிலிருந்து இறங்கி, தரையில் அமர்ந்தவரின் மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையே ஊன்றப்பட்டது. கருவியைத் தாங்கும் சுமை நீங்கிய இடக்கை தந்தியில் தடையின்றி வழுக்கி ஓடி, பைரவியின் கமகங்களைப் பேசலாயிற்று.